சொன்ன இடத்துக்கே திரும்பிப் போதல்

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பட்டாசு மருந்து கலக்கிறவர்களுக்குத் தெரியும், பெரிய தீ வேண்டியதில்லை, ஒரு உராய்வே போதும். யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாக்கை நெருப்பு என்கிறார். இந்தப் பகுதிச் சபைகளில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. வெடிவிபத்துக்குப் பிறகு இங்கே இன்னொன்றும் நடப்பதுண்டு. 'அவன் கவனமில்லாம மருந்தைக் கையாண்டிருக்கான்' என்று செத்தவர் தலையில் ஒரு சொல் விழும். அறைக்குள் அளவுக்கு மீறி ஆள் இருந்ததா, உள்குத்தகைக்காரர் விரட்டினாரா என்பது விசாரணையில் தெரிய நாளாகும். அதற்குள் டீக்கடையில் அந்தச் சொல்லே தீர்ப்பாகிவிடும். செத்தவர் வந்து பதில் சொல்லமுடியாது. அவருடைய பிள்ளைதான் அதைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போகவேண்டும்.

அப்படிப் பேசியவர் ஞாயிறு ஆராதனையில் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை செய்தால் தேவன் மன்னிக்கிறாரா? மன்னிக்கிறார். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அதோடு கணக்குத் தீர்ந்தது என்று எழுந்து போக வேதம் இடம் கொடுக்கவில்லை. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு, சகோதரனை இழிவாகப் பேசுவதைக் கண்டித்த கையோடு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்கிறார். பேதுருவின் பாவமும் வாய்ச்சொல்தான். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னார். வெளியே போய் மனங்கசந்து அழுதார். அந்த அழுகையே போதும் என்று இயேசு விட்டிருக்கலாம். ஆனால் உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில், மற்றச் சீஷர்களும் இருக்கையில், அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் வாய்திறந்து சொல்ல வைத்தார். பேதுருவின் மனம் புண்பட்டது என்று யோவான் எழுதுகிறார். மன்னிப்பதற்கு அவ்வளவு தூரம் போனவர் நம்மை மட்டும் சுலபமாக விட்டுவிடுவாரா?

இப்படி நேரில் போகச் சொல்வது கிருபையைக் கிரியைக்கு விற்பதல்லவா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றது, இயேசு அவன் வீட்டில் தங்க வந்த பிறகு. அது இரட்சிப்பின் கிரயமல்ல, கனி. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் பாவமன்னிப்புக்குப் பிறகு செய்யவேண்டிய ஈடுகளைச் சொல்லும்போது, திருடிய பொருளைத் திருப்பித் தருவதோடு, அவதூறால் கெட்ட பெயரை மீட்டுத் தருவதையும் சேர்த்தே சொல்கிறது.

நாவால் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவரே சொன்ன பிறகு, போய்ச் சொல்லி என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. வடு இருக்கும்தான். ஆனால் வடுவோடு இருப்பவர் தனியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஏழை விவசாயிகளுக்காக உழைத்த கேரளத்து அருட்சகோதரி ராணி மரியாவை 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் அருகே ஓடும் பேருந்தில் சமந்தர் சிங் குத்திக் கொன்றார். 2002-ல் ராணி மரியாவின் தங்கை சிறைக்கே போய் சமந்தர் சிங்குக்கு ராக்கி கட்டி, சகோதரனாக ஏற்றுக்கொண்டார். 2006-ல் விடுதலையான சமந்தர் சிங், பிறகு கேரளத்துப் புல்லுவழியில் இருந்த அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். போன உயிர் வரவில்லை. ஆனால் மன்னித்தவரும் மன்னிப்புக் கேட்டவரும் நேரில் போய்த்தான் சொன்னார்கள்.

நேரில் போய்ச் சொல்வது இந்தப் பகுதிக்கும் புதிதல்ல. மிஷனரி ராக்லண்ட் ஐயரும் அவருடைய தமிழ்த் தோழர்களும் 1850-களில் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கூடாரமடித்து, ஊர் ஊராக நடந்து சுவிசேஷம் சொன்னார்கள். 1858-ல் அவர் சிவகாசியிலேயே இறந்தார். அவர்கள் நடந்து வந்து சொன்னதைக் கேட்டுத்தான் இங்கே பல சபைகள் உண்டாயின. நாம் போகவேண்டியது நாலு தெரு தள்ளியிருக்கும் ஒரு வீட்டுக்குத்தான். யாரையாவது பற்றித் தவறாகப் பேசியிருந்தால், அடுத்த திருவிருந்துக்கு முன் அங்கே போய், 'நான் சொன்னது தப்பு' என்று அந்த வீட்டாரிடமும், பேசியதைக் கேட்டவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.