வேப்பம் பெட்டியும் அரக்குப் பூச்சும்

ஒரு மரப் பெட்டிக்கு எந்தப் பூச்சைப் பூசுவது என்னும் வினா எம்மை ஓராண்டுக் காலம் அலைக்கழித்தது என்று கூறினால் மாணவ நண்பர்கள் நகைக்கக்கூடும். பெட்டியைச் செய்து முடிக்க எமக்கு ஆனவை பதினேழு நாள்களே. எஞ்சிய காலமெல்லாம் பூச்சுக்கே போயிற்று.

விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரில், எம் இல்லத்து முற்றத்தில் நின்ற வேம்பு ஓர் ஐப்பசி மாதப் பெருங்காற்றில் சாய்ந்தது. அறுத்த பலகைகள் பரணில் இரண்டு கோடை கிடந்து உலர்ந்தன. "விறகாப் போக விட்றாதய்யா, அதுல எனக்கு ஒரு பெட்டி செஞ்சு தா" என்றார் அன்னையார். தந்தையார் வெளியூர்களில் ஆசிரியப் பணியாற்றிய நாள்களில் அவருக்கு எழுதிய இன்லண்டுக் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் துருக்கறை ஏறிக் கிடந்தன. அவற்றுக்காகவே இந்தப் பெட்டி. தந்தையார் இன்று இல்லை. ஆகவே அக்கடிதங்களுக்கு நேரும் கேட்டைத் திருத்த வழியும் இல்லை.

வேம்பு நல்ல மரம். பூச்சிகள் எளிதில் அண்டா. ஆயினும் அதன் இழை முரடு. ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் இழைப்புளி ஓரிடத்தில் வழுக்கும், மற்றோரிடத்தில் பிய்க்கும். தேக்கைப் போல முகம் பார்க்கும் பளபளப்பை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. எனினும் அந்தச் செம்பழுப்பு நிறமும் ரேகையும் மறையக் கூடாது என்பதால், வண்ணம் வேண்டா, நிறமற்ற பூச்சே வேண்டும் எனத் துணிந்தோம்.

முதலில் துண்டுப் பலகைகளில் ஒரு சிறு பெட்டி செய்து, உள்ளும் புறமும் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தோம். நிறம் பொன்போல் எழுந்தது, உள்ளம் பூரித்தோம். ஒத்திகைக்காக அதனுள் ஒரு பழைய செய்தித்தாள் துண்டை வைத்து மூடினோம். மூன்று திங்கள் கழித்துத் திறந்தபோது காறிய எண்ணெயின் நெடி முகத்தில் அறைந்தது. தாளின் அடியில் மஞ்சள் கறை படர்ந்திருந்தது. அவ்விடத்தில் தந்தையாரின் கையெழுத்து இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபோது எமக்குக் கை நடுங்கியது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகும் இயல்பினது. மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமையால் நெடி வெளியேறாது தங்கிவிடுகிறது. (அவ்வெண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. இறுகும்போது எழும் வெப்பத்தால் அது தானே தீப்பற்றும். விரித்துக் கொடியில் உலர்த்த வேண்டும்.)

அதன் பிறகே நிதானம் வந்தது. நான்கு துண்டுகளில் நான்கு பூச்சுகளைப் பூசி மாடிச் சுவரில் வைத்தோம். தேங்காய் எண்ணெய் பூசிய துண்டு கடைசிவரை இறுகவே இல்லை. கரிசல் புழுதி முழுவதையும் தன்மேல் அழைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமற்போயிற்று. தேன்மெழுகு பூசியது கைக்கு இதமாக இருந்தது. முதல் மழையில் மங்கிற்று. கடையில் வாங்கிய பாலியூரித்தேன் வார்னிஷ் தண்ணீரை முத்து முத்தாக நிறுத்திய திறம் வியப்பளித்தது. ஆனால் வெயிலில் நின்று ஓரம் உரியத் தொடங்கியபின், அதைத் திருத்த வேண்டுமாயின் உப்புத்தாளால் முழுவதையும் தேய்த்தெடுத்தல் ஒன்றே வழி. நான்காவது அரக்கு. அது அரைமணி நேரத்தில் உலர்ந்தது; நெடி இரண்டொரு நாளில் அகன்றது. ஆனால் மழையில் வெளுத்துப் போனது.

அரக்கின் இக்குறை எம்மை மீண்டும் தயங்கச் செய்தது. அன்னையார் எந்தப் பெட்டியின்மேலும் சூடான காப்பித் தம்ளரை வைப்பவர்!

ஊரில் முதிய ஆசாரியார் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்து, "தம்ளர் தடம் விழத்தான் செய்யும் சார். விழுந்தா ஸ்பிரிட்டுத் துணியால ஒரு தடவு தடவுங்க. பழைய அரக்கே இளகிப் புதுசாகும்" என்றார். எமக்கு வேண்டிய விடை அதுவே. அரக்கின்மேல் பூசும் அரக்கு பழைய படலத்தைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. பட்டறையும் கருவியும் இல்லாதவரும் அதைச் சீர்ப்படுத்தலாம்.

தமிழ்த்துறையார்க்கு அரக்கு புதிதன்று. அரக்கு இல்லம் எரிந்த செய்தியைக் கலித்தொகை உவமையாக்கியுள்ளது. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சியின் பிசின் அது. அதை ஆராய்வதற்கென்றே ராஞ்சியில் 1924-இல் ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகளின் மினுமினுப்பும் அரக்கினால் ஆனதே. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படிகிறது; பின்பு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அக்கலையை வளர்க்கத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்தார் என்பது அவ்வூர் வழக்கு. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளுக்கு ஒத்தது, கடிதத்துக்கு ஒவ்வாது போகுமோ?

அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பஞ்சைப் பொதிந்த துணியுருண்டையால் பெட்டியின் உட்புறம் இரு கை, வெளிப்புறம் எட்டுக் கை பூசினோம். வெளிப்புறத்தில் மட்டும் சிறிது தேன்மெழுகு. கரைத்த அரக்கு பல மாதம் கிடந்தால் பின்னர்ப் பூசும்போது சரிவர இறுகாது. ஆதலின் புட்டியின்மேல் நாள் குறித்துவைத்தோம். எப்பூச்சும் ஈரத்தை முற்றத் தடுப்பதில்லை. ஐப்பசியில் மூடி இறுகும், சித்திரையில் தளரும். அதற்கு இடம்விட்டே மூடியை இழைத்திருந்தோம்.

கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி அன்னையாரே மூடினார். நான்காம் நாள் மூடியின் நடுவே ஒரு வெள்ளை வளையம். எம் முகத்தைக் கண்டு அவர் பேசாதிருந்தார். ஒன்பது வயதான தங்கை மகள் துணியுருண்டையைக் கேட்டு வாங்கி, நாம் சொல்லச் சொல்ல இலேசாக ஒற்றினாள். இரண்டாம் ஒற்றில் வளையம் மங்கிற்று; ஐந்தாவதில் காணவில்லை. "இன்னொரு தடம் எங்க இருக்கு?" என்று அவள் பெட்டியைச் சுற்றிவரலானாள்.