அடக்கம் செய்யும் பறவை

மறைக்கல்வி வகுப்பில் உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழினையும் ஒப்புவிக்கும்போது, கடைசியாக வரும் 'இறந்தோரை அடக்கம் செய்தல்' என்பதில் நாம் எப்போதும் சற்றுத் தயங்குவோம். பசித்தவருக்கு ஒரு பிடி சோறு கொடுப்பதும், தாகமுற்றவருக்குத் தண்ணீர் மொண்டு தருவதும் சிறுவர்க்கும் இயலும். பிணத்தை அடக்கம் செய்ய நாம் எங்கே போவது? உபதேசியார் அப்போது தோபித்தின் வரலாற்றைச் சொல்லுவார். நினிவே நகர மதிலுக்கு அப்பால் எறியப்பட்ட தம் இனத்தாரின் உடல்களை, அரசனின் சினத்துக்கும் அஞ்சாமல் எடுத்து அடக்கம் செய்த அந்த நல்லவரை எண்ணி நாம் வியப்போம். அதே பணியை நமது ஊர் எல்லையிலேயே செய்துவந்த மற்றொரு கூட்டத்தை மட்டும் நாம் மதித்ததில்லை. அவை பறவைகள்; அதிலும் பிணந்தின்னிகள் என்று நாம் முகம் சுளித்த பறவைகள்.

பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கு மேற்கே, மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சிற்றூர் நமது ஊர். மாடு செத்தால் வடக்கேயுள்ள கரட்டுக்காட்டில் இழுத்துப் போடுவர். முதலில் காகங்கள் வரும். பிறகு உச்சி வானில் ஒரு புள்ளி தோன்றும். அது வட்டமிட்டு இறங்குவதைக் கண்டு, எங்கிருந்தோ இன்னும் பத்து, இருபது புள்ளிகள் வந்து சேரும். மறுநாள் காலையில் அங்கே வெறும் எலும்புகளே கிடக்கும். நாற்றம் இல்லை, ஈ மொய்ப்பதில்லை, நாய்களுக்கும் மிச்சமில்லை. பழந்தமிழில் 'பாறு' என்ற பெயர் அவற்றுக்கு உண்டு என்பதை நாம் பின்னாளில்தான் அறிந்தோம்.

1998-ஆம் ஆண்டில் நமது வீட்டுச் செவலைப் பசு எழ மாட்டாமல் படுத்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்குப் பால் தந்த பசு. முழங்கால்கள் வீங்கி, இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தது. அடிமாட்டுக்கு விற்கச் சொன்னவர்களை அம்மா திட்டி அனுப்பிவிட்டார். மருத்துவர் வந்தார். வலியாவது குறையட்டும் என்று ஊசி போட்டு, மறுநாளைக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். கொம்பைப் பிடித்துக்கொண்டது நம் கைதான். செவலை இரண்டு நாள் முனகாமல் கிடந்து, மூன்றாம் நாள் இறந்தது. வழக்கம்போல் கரட்டுக்காட்டில் கொண்டுபோய்ப் போட்டோம். ஏழெட்டுப் பறவைகள் வந்தன. நல்ல முறையில் வழியனுப்பி வைத்தோம் என்ற நிறைவோடு நாம் வீடு திரும்பினோம்.

அதன் பின்னர் சில ஆண்டுகளில் அப்பறவைகள் வருவது குறைந்து, நின்றே போயிற்று. நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கரட்டுக்காட்டில் கிடக்கும் உடல்களை நாய்கள் நாள் கணக்கில் இழுத்துத் தின்றன. காற்று அடிக்கும் திசையில் நாற்றம் வந்தது. அவ்வளவே நமக்குத் தெரிந்தது.

நாம் எண்ணிப் பாராததை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். இராஜஸ்தான் மாநிலம் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980-களில் பாறுகளின் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார். 1990-களின் பிற்பகுதியில் மீண்டும் கணக்கெடுத்தபோது, பறவைகள் 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தன. எஞ்சியவையும் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரக்கிளைகளில் நாள் கணக்கில் அமர்ந்திருந்து, பின்னர் விழுந்து மடிந்தன. 1999-இல் அவர் அதை எழுதி உலகுக்கு அறிவித்தார். இந்தியாவின் பல பகுதிகளிலும் சாலை வழியே வண்டியில் சென்று எண்ணியவர்களின் கணக்கு அதனினும் கொடியது. 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்தன என்று வைத்துக்கொண்டால், 2007-இல் எஞ்சியது ஒன்றே ஒன்று.

காரணம் என்ன? புதிய தொற்றுநோயோ எனப் பலர் ஐயுற்றனர். பூச்சிமருந்தோ என்றனர் சிலர். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் லிண்ட்சே ஓக்ஸ் என்னும் கால்நடை நோயியல் அறிஞரும் அவருடைய குழுவினரும், இறந்து விழுந்த பறவைகளை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றில் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் தேங்கி, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெண்மையாகப் படிந்திருந்தது. நுண்ணுயிர்களைத் தேடினர், இல்லை. ஈயம் முதலிய உலோகங்களைத் தேடினர், பூச்சிமருந்துகளைத் தேடினர், அவையும் இல்லை. அப்போதுதான் அவர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டனர்: இப்பறவைகள் உண்பது ஆடுமாடுகளை, அந்த ஆடுமாடுகளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? கால்நடை மருந்து விற்போரை விசாரித்தபோது, டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி எங்கும் விற்பனையாவது தெரிந்தது. சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பறவைகளைச் சோதித்தனர். 25-இலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் 'நேச்சர்' ஆய்விதழில் அந்த உண்மை வெளியாயிற்று.

மாட்டின் வலியைத் தணிக்கும் மருந்து, ஊசி போட்ட சில நாள்களுக்குள் அந்த மாடு இறந்துவிட்டால், அதன் இறைச்சியில் எஞ்சி நின்று பாறுகளைக் கொல்கிறது. இறந்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே இத்தகைய பேரழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். ஒரே உடலைச் சுற்றிப் பல பறவைகள் கூடி உண்பது அவற்றின் இயல்பு. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதும் அவற்றின் இயல்பு. சாவு கூட்டமாக வந்தது. பிறப்போ ஒவ்வொன்றாகவே வர இயலும்.

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. நாளேட்டில் அச்செய்தியைப் படித்தபோது, அந்தப் பெயரை எங்கோ கண்ட நினைவு நம்மை உறுத்தியது. பழைய கணக்கு நோட்டைப் புரட்டினோம். செவலைக்கு எழுதித் தந்த சீட்டு அதற்குள் மடித்து வைத்தபடியே இருந்தது. பெயர் அதுதான்.

மருத்துவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. 1998-இல் உலகில் எவரும் அதை அறிந்திருக்கவில்லை. நாம் செய்தது கொடுமையன்று, இரக்கம். ஆனால் நமது இரக்கம் பசுவின் கொம்போடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் யார் உண்ணப்போகிறார்கள் என்று நாம் நினைத்ததில்லை. வந்த ஏழெட்டுப் பறவைகளும் எந்த மரத்தடியில் விழுந்தன என்று நாம் போய்ப் பார்த்ததும் இல்லை.

பாறுகள் மறைந்ததன் விளைவு பறவைகளோடு முடியவில்லை. மும்பையில் பார்சி மக்கள் தங்கள் இறந்தோரைப் பாறுகளிடம் ஒப்படைக்கும் தொன்மையான வழக்கம் நிலைகுலைந்தது. திருக்கழுக்குன்றத்து மலைக்கு நண்பகலில் உணவுண்ண வந்த இரு பறவைகளும் இன்று வருவதில்லை. ஊரின் பெயரில் மட்டுமே கழுகு எஞ்சியிருக்கிறது. அழுகும் உடல்களால் தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனிதர் இதனால் கூடுதலாக இறந்துள்ளனர். நாம் அருவருத்த பறவை நமக்குக் காவலாய் நின்றது என்பதை, அது போன பிறகே கணக்கிட்டு அறிய வேண்டியதாயிற்று.

லேவியர் நூல் இப்பறவைகளை உண்ணத்தகாதவற்றின் பட்டியலில் வைக்கிறது. ஆனால் விடுதலைப் பயண நூலில், ஆண்டவர் தம் மக்களைச் சுமந்து வந்ததற்கு உவமையாக நிற்பதும் கழுகின் சிறகுகளே. அங்கே வரும் எபிரேயச் சொல் பாறு இனத்தையும் குறிக்கும் என்பர் விவிலிய அறிஞர். தீட்டு என்று விலக்கிய பறவையின் சிறகுகளில் இறைவன் தம் அன்புக்கு உவமை கண்டார் என்றால், நமது அருவருப்பைப் பற்றி நாம் மறுபடி சிந்திக்கத்தான் வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலும், நம்மால் அழியும் உயிரினங்கள் தம் இருப்பால் இறைவனுக்குப் புகழ் சேர்ப்பது நின்றுவிடுகிறதே என்று வருந்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மாயாற்றுப் பகுதியில் பாறுகளைக் கணக்கெடுக்கச் சென்ற இளைஞர் சிலரோடு ஒரு நாள் நாமும் சென்றிருந்தோம். அங்கே ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. ஒரே பறவையை இருமுறை எண்ணிவிடாதபடி, பல இடங்களில் ஒரே நேரத்தில் ஆட்கள் நின்று எண்ணுவர். நாம் நின்ற பாறையில் நம்மோடு இருந்தவர் ஒரு கல்லூரி மாணவி. காலையில் இரண்டு மணி நேரம் ஒரு பறவையும் வரவில்லை. ஆனாலும் அவர் அவ்வப்போது கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒன்றும் வரவில்லையே, என்னம்மா எழுதுகிறாய்?" என்று கேட்டோம்.

"பூச்சியம் என்று எழுதுகிறேன், ஐயா. அதை எழுதாமல் விட்டால், பறவை வரவில்லையா, நாம் பார்க்கவில்லையா என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது."

அந்தச் சொல் நம்மை அசைத்துவிட்டது. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்யும் பாவ அறிக்கையில், கடமையில் தவறியதையும் சேர்த்தே சொல்கிறோம். எத்தனை ஆண்டுகளாக அதைச் சொல்லியிருப்போம்! ஆனால் செய்யாததையும் பார்க்காததையும் அப்பெண்ணைப் போல நேர்மையாக நாம் குறித்து வைத்ததுண்டா? கரட்டுக்காட்டின் வானம் வெறுமையானபோது நமது ஏட்டில் ஒரு பூச்சியம்கூட இல்லை.

நண்பகல் வெயில் ஏறியபின், பாறை விளிம்புக்கு மேலே மூன்று பறவைகள் எழுந்தன. சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்தன. மாணவி மூன்று என எழுதினார்.

அன்பர்களே, இவ்வளவையும் அறிந்தபின் நாம் செய்யக்கூடியது சிறிது, ஆயினும் செய்யக்கூடியது. நோயுற்ற மாட்டுக்கு மருந்து தேவைப்பட்டால், பாறுகளுக்குத் தீங்கற்றது எனச் சோதித்தறியப்பட்ட மெலாக்சிகாம் கிடைக்குமா என மருத்துவரிடம் கேட்போம். 2023-இல் தடை செய்யப்பட்ட கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கடைக்காரர் தந்தாலும் வாங்காதிருப்போம். மருந்துண்டு இறந்த மாட்டை ஆழக் குழி தோண்டிப் புதைப்போம். மாட்டை அடித்த சிறுத்தையின்மேல் கொண்ட சினத்தால், இறந்த உடலில் நஞ்சு தடவாதிருப்போம்.

செவலைக்குப் பின் நம் வீட்டில் இறந்த இரு பசுக்களையும் நாமே குழி வெட்டி அடக்கம் செய்தோம். பறவைகள் செய்துவந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை, மண்வெட்டி பிடித்த கை அன்று அறிந்துகொண்டது. அவை மீண்டும் நமது வானத்துக்கு வரும் நாளில் கரட்டுக்காட்டில் அவற்றுக்குத் தீங்கற்ற உணவு இருக்கவேண்டும் என்பதே இன்று நமது மன்றாட்டு.