போடி மலையில் ஒரு சத்தம்

மலைப் பிரயாணம் போகிறவர்கள் கண்களைத் தீட்டிக்கொண்டு போவது வழக்கம். போடிநாயக்கனூர் மலைக்குப் போகிறவர்கள் காதையும் சிறிது தீட்டிக்கொள்வது நல்லது. சென்ற மார்கழியில் நாம் கற்றுக்கொண்ட பாடம் இது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நமக்கு, ஒரு பழைய ஜீப் வண்டி உபாத்தியாயராக வாய்த்தது.

பூப்பாறையில் ஏலத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் வெகு நாளாக அழைத்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் போனோம். 1928-ல் திறந்த பழைய மீட்டர் கேஜ் பாதை, 2010-ம் வருஷக் கடைசியில் மூடப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில் அகலப் பாதையாக மறுபிறவி எடுத்திருக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஊரெல்லாம் ஏலக்காய் மணம். மலையில் விளைந்து, தோட்டத்து ஸ்டோர்களில் உலர்ந்து, இங்கே ஏலத்துக்கு வந்து, பிறகுதான் அது தேசமெங்கும் பாயசத்தில் மிதக்கப் போகிறது. அந்தக் காயைப் பறிக்க இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏராளமான பெண்கள் தினந்தோறும் ஜீப்பில் மலை ஏறி, மாலையில் இறங்குகிறார்கள்.

அப்படி ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றில்தான் விடியற்காலை ஐந்து மணிக்கு நாம் இடம் பிடித்தோம். முன் ஆசனத்தில் நாமும் நம் இல்லாளும். பின்னால், பனிக்காற்றுக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிவிட்டுக்கொண்டு, எட்டுப் பெண்கள்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, செருமியது, பிறகு ஓடத் தொடங்கியது. அதனுடன் கூடவே "டிக், டிக், டிக்" என்று ஒரு சத்தம். தையல் இயந்திரம் ஓடுவது போல் இருந்தது.

"இது என்ன சத்தம், தம்பி?" என்று கேட்டோம்.

"குளிருக்கு அப்படித்தான் ஐயா. சூடு ஏறினால் தானாய் அடங்கிவிடும்" என்றார் அவர்.

சொன்னபடியே நடந்தது. முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சத்தம் குறைந்தது. சற்று நேரத்தில் அடியோடு நின்றுவிட்டது. நமக்குப் பரம திருப்தி. அதன் பிறகு புலியூத்து, 17 கொண்டை ஊசி வளைவுகள், கீழே புகைப்படலம் போல் பனி மூடிக் கிடந்த போடி சமவெளி என்று கண்ணுக்கு விருந்துதான். போடி மெட்டு சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே இருந்த குளிரைக் காட்டிலும் அங்கே ஆறேழு டிகிரி கூடுதல் குளிர். தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றோம்.

பெண்கள் தேநீர் சாப்பிடவில்லை. ஒருத்தி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். மற்றொருத்தி நெற்றியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள்.

"வளைவு சுற்றினால் தலையும் சுற்றத்தானே செய்யும், சாமி? பழகிப்போச்சு" என்றாள் அவள்.

நாம் அதையும் ஒப்புக்கொண்டோம். நம் இல்லாள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கும்தான் தலையை வலிக்கிறது. ஆனால் முதல் வளைவு வருவதற்கு முன்பே, போடி எல்லையிலேயே வலிக்க ஆரம்பித்துவிட்டதே!" என்றாள்.

மாலையில் திரும்பும்போது, பகலெல்லாம் பனியில் நின்று குளிர்ந்த வண்டி மறுபடியும் டிக்டிக்கென்றது. போடி வந்து சேர்ந்ததும், டிரைவரை வற்புறுத்தி ஒரு கிழ மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். அவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"காய்ச்சல் விட்ட பிறகு நாடி பார்த்து என்ன புண்ணியம்? ராத்திரி முழுவதும் வண்டி ஆறட்டும். காலையில் நான் வருகிற வரைக்கும் சாவியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலில், இருட்டு இருட்டாகவே மேஸ்திரி வந்து எஞ்சினை ஓட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் கேட்டார். குளிரில் எழும் சத்தம் ஒரே வகை அல்ல என்று பிறகு நமக்கு விளக்கினார். டீஸல் எஞ்சினுக்குள் காற்று போதிய சூடு அடையாவிட்டால், எண்ணெய் தாமதமாய்ப் பற்றி ஒரேயடியாக வெடிக்கும். "கடகட" என்று கேட்கும். அது இயற்கை, பயமில்லை. "கிரீச்" என்றால் பெல்ட். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும், குட்டு வெளிப்பட்டுவிடும். மேல்மூடிப் பக்கம் தட்டினால் டேப்பட். அதற்காக அவர் நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, டாக்டர் மார்பைச் சோதிப்பது போல் இடம் இடமாகக் கேட்டார். அங்கெல்லாம் குற்றமில்லை.

கடைசியில் பையனைக் கூப்பிட்டு, "சைலன்சர் வாயைக் கந்தைத் துணியால் ஒரு கணம் அடைடா!" என்றார். அடைத்ததும் டிக்டிக் இரட்டிப்பாயிற்று. விளக்கைக் காட்டினார். புகையை எஞ்சினிலிருந்து சைலன்சருக்குக் கொண்டு போகும் இரும்புக் கையின் இணைப்பில், கேஸ்கட் ஓரமாக, மை தீட்டினாற்போல் ஒரு கரிக்கோடு. இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது.

"சத்தம் இரும்பில் இல்லை ஐயா. புகை பீறிடுகிற சத்தம். இரும்பு சூடேறிப் பெருத்தால் சந்து அடைபடும், சத்தம் நிற்கும். ஆறினால் திறந்துகொள்ளும். இந்தப் புகை எங்கே போகும்? பின்னால் தார்ப்பாய்க்குள்தான்."

நமக்குத் தலை குனிந்துவிட்டது. நாம் சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவர். குண்டும் வளையமும் வைத்து, உலோகம் சூட்டினால் விரிவடையும் என்று வருஷா வருஷம் வகுப்பில் காட்டுகிறவர். அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும் என்று கரும்பலகையில் கணக்குப் போடத் தெரியும். அந்த விதி நம் காலடியில் டிக்டிக் என்று தட்டிக் கூப்பிட்டபோது, சத்தம் நின்றதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்! பெட்ரோல் புகையைவிட டீஸல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு குறைவுதான். ஆனாலும் மூடிய இடத்தில் அதைச் சுவாசித்தால் தலைவலியும் குமட்டலும் வருவதற்குத் தடையில்லை. குளிருக்குப் பயந்து இறக்கிய தார்ப்பாயே புகைக்குக் கூடாரமாகிவிட்டது. பழியை மட்டும் 17 வளைவுகளும் சுமந்தன.

முறிந்த ஸ்டட்டைக் கழற்றிக் கேஸ்கட் மாற்ற ஒரு பகல் ஆகும் என்றார் மேஸ்திரி. டிரைவர் கையைப் பிசைந்தார். வண்டி நின்றால் அவருக்கு வாடகை இல்லை. எட்டுப் பேருக்கும் கூலி இல்லை. "விட்டால் என்ன?" என்று மெல்லக் கேட்டார். "கேஸ்கட் இன்னும் எரியும். அப்புறம் சூடேறினாலும் அடைபடாது" என்றார் கிழவர். கடைசியில் வண்டி நின்றது. பெண்கள், ஏற்கெனவே நிறைந்திருந்த வேறொரு ஜீப்பில் மடிமேல் மடியாக நெருக்கிக்கொண்டு ஏறிப் போனார்கள். மலைப்பாதையில் அதுவும் ஆபத்துதான். அதற்கு மேஸ்திரியிடமும் மருந்து இல்லை, நம்மிடமும் இல்லை.

இவ்வருஷம் குண்டும் வளையமும் வகுப்பு வந்தபோது, பாடத்தை ஜீப்பிலிருந்து தொடங்கினோம். பிள்ளைகள் முன்னெப்போதையும்விடக் கவனமாகக் கேட்டார்கள். சென்ற வாரம் பூப்பாறை நண்பர் எழுதிய கடிதத்தில், அந்த ஜீப்பில் இப்போது இரண்டு பெண்கள் மட்டுமே எலுமிச்சம்பழம் கொண்டு வருகிறார்கள் என்று கண்டிருந்தது. அவர்கள் இருவருக்கும் தலை சுற்றுவது மெய்யாகவே வளைவினால்தானாம்.