கண்ணுக்குத் தெரியாத வரி முடிவு



எங்கள் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் இணைந்து மாணவர்களுக்கான இலக்கணப் பயிற்சிகளைத் தொகுத்து வருகிறோம். கோப்புகளைக் 'கிட்' என்னும் மென்பொருளில் பேணுகிறோம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய மென்பொருள் அது. எந்த வரியை யார், எப்பொழுது மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும்.

சென்ற மாதம் இளைய ஆசிரியை ஒருவர் இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தி அனுப்பினார். என் திரையிலோ முந்நூறு வரிகளும் நீக்கப்பட்டு, மீண்டும் முந்நூறு வரிகள் சேர்க்கப்பட்டதாகத் தெரிந்தது. "யாரைக் கேட்டு அனைத்தையும் மாற்றினீர்கள்?" என்று மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் கேட்டுவிட்டேன். "இரண்டு சொற்களைத்தான் தொட்டேன், ஐயா" என்றார். நான் நம்பவில்லை.

அன்றிரவு வரிவரியாக ஒப்பிட்டேன். அந்த இரண்டு சொற்களைத் தவிர எழுத்துகளில் வேறுபாடே இல்லை. வேறுபாடு வரி முடிவில் இருந்தது.

தட்டச்சுப் பொறியில் அடுத்த வரிக்குச் செல்ல இரண்டு செயல்கள் நிகழ வேண்டும். தாளைத் தாங்கும் பகுதி வரியின் தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டும். தாள் ஒரு வரி மேலேற வேண்டும். இவற்றுக்கெனக் கணினியிலும் இரண்டு குறிகள் உள்ளன. ஆஸ்கி அட்டவணையில் முன்னதன் எண் 13. பின்னதன் எண் 10. விண்டோஸ் இரண்டையும் இடும். லினக்ஸும் இன்றைய மேக் கணினிகளும் 10-ஐ மட்டுமே இடும். அவருடையது விண்டோஸ், என்னுடையது மேக். அவர் கோப்பைச் சேமித்தபொழுது, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒரு 13 தானாகவே சேர்ந்துவிட்டது. கிட் அதையும் மாற்றமாகவே கணக்கிட்டது.

இதற்குத் தீர்வு எளிது. 'கிட்அட்ரிபியூட்ஸ்' என்னும் சிறு கோப்பில் ஒரே வரியில் விதி எழுதிவிட்டால், பொதுச் சேமிப்பில் 10 மட்டுமே நிற்கும். ஒவ்வொருவர் கணினியிலும் அதற்குரிய முறை அமையும். விதி அனைவருக்கும் பொதுவாகக் கோப்புகளுடனேயே செல்வதால், தனித்தனியே அமைப்புகளை மாற்ற வேண்டியதில்லை. முன்பே கலந்துபோன கோப்புகளை மட்டும் ஒருமுறை சீர்செய்ய வேண்டும்.

மறுநாள், அதே ஆசிரியர்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்று சிரித்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

இப்பொழுதெல்லாம் மாணவர் ஏடு முழுவதும் பிழையாகத் தோன்றினால், சிவப்பு மையை எடுக்குமுன் உண்மையில் எத்தனை சொற்கள் பிழை என்று எண்ணிப் பார்க்கிறேன். பல வேளைகளில் இரண்டே இரண்டுதான்.