அந்த அம்மாள் கேட்ட கேள்வி

"காலேஜில் நீ என்ன பாடம்தான் நடத்தறே?" என்று என் அம்மா கேட்காத நாளில்லை. கணக்கு டீச்சர், தமிழ் டீச்சர் என்றால் அவளுக்குப் புரியும். காமிராவும் மைக்குமாக மாணவிகளை எண்ணூர் கழிமுகத்துக்கு அழைத்துப் போவது ஒரு பாடமா என்பாள்.

பாடம்தான். எழுத்து, படம், குரல், வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து, நம் காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். இதில் என் முதல் குரு ராயபுரத்து ஆயாதான். 1870களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்தது. கடல் கொண்டுபோன தெருக்களின் கதையை ஆயா சோறு பிசைந்துகொண்டே சொல்வாள்.

2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக ராகத்தில் மெட்ராஸ் பாஷை! நாம் வசவாக்கிவிட்ட 'புறம்போக்கு', உண்மையில் எல்லோருக்கும் பொதுவான நிலம் அல்லவா? சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்திலேயே அதைப் படம் பிடித்திருந்தார்கள். வகுப்பில் போட்டுக் காட்டினேன்.

அதே மாதம் 28ம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். மாணவிகளோடு நானும் ஓடினேன். மீன் விற்கும் ஓர் அம்மாளைப் படமெடுத்தபோது அவர் சீறினார்:

"எடுத்துகினு போறீங்கோ, என்னா போட்டீங்கன்னு திரும்பி வந்து காட்னீங்களா? மீனெல்லாம் விஷம்னு போட்டுட்டா, என் கூடையை யாரு தொடுவாங்க?"

எனக்குச் சுரீரென்றது. பல வருஷம் பாடம் நடத்தியும் இது தோன்றவில்லையே!

அடுத்த மாதமே படங்களுடன் திரும்பிப் போனோம். அவர் வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினோம். "இது தப்பு, அது வேற எடம்" என்று அவர் சொல்லச் சொல்லத் திருத்தினோம். அன்றுமுதல் என் வகுப்பில் ஒரு சட்டம்: எவருடைய கதையோ, அவர்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் புகுந்தது. இந்தமுறை அந்த அம்மாள் என்னை எதிர்பார்க்கவில்லை. வலை, படகு, படிந்த எண்ணெய் என்று தன் செல்போனிலேயே தேதி, இடம் சொல்லிப் பதிவு செய்திருந்தார். சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அதையே நீட்டினாராம்!

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கைக்குழந்தையோடு இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, குழந்தைக்கு இருமலா, கண் எரிச்சலா என்று குறித்து வையுங்கள். டாக்டரிடம் காட்டவும், புகார் எழுதவும் அது உதவும். ஆனால் குழந்தைக்கு மூச்சு இரைத்தால், நோட்டைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த அம்மாளின் வீடியோவை என் அம்மாவுக்குக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மா சோறு பிசைஞ்சுகிட்டே சொன்னதை இவ செல்போன்ல சொல்றா. இதுக்கு எதுக்குடி காலேஜ்?"

இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை!