அரத்தை எடுக்கும் முன்

2020 ஜனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 ரைபிளுக்கு விடை கொடுத்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2019 டிசம்பரில், ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிஞ்சியதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. இரண்டு செய்திகளும் என்னை ஒரே ஊரை நினைக்க வைத்தன: கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர். அந்த .303 ரைபிளை, லீ-என்ஃபீல்டு என்ற வகையை, தலைமுறை தலைமுறையாகச் செய்த அரசுத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. .303 நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட குழலளவு. அதனால் வீடுகளில் இருப்பது அதே போல்ட் அமைப்பில் இஷாப்பூர் செய்த .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். தாத்தாவின் உரிமத்தில் இருந்தது பேரன் பொறுப்புக்கு வரும்போது கேள்வி எழுகிறது: வைத்துக்கொள்வதா, மாற்றி அமைப்பதா, விற்றுவிடுவதா? உரிமம் பெற்ற பட்டறையொன்றின் மேசையருகே நின்று பார்த்த பிறகு நான் வந்த முடிவு இது: வைத்திருப்பதும் விற்பதும் அவரவர் நிலைமையைப் பொறுத்தது, வெட்டி மாற்றுவது மட்டும் எந்த நிலைமையிலும் சரியில்லை.

பட்டறை மேசையில் மதிப்புமிக்க கருவி எதுவென்றால், உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் துண்டான கேஜ்தான். குழலைப் பின்னிருந்து மூடும் போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது அளக்கிறது. .303க்கு ராணுவம் வைத்த அளவு 0.064 அங்குலம், அந்தக் கேஜின் மேல் போல்ட் மூட வேண்டும். 0.074 அங்குலக் கேஜின் மேல் மூடக் கூடாது. மூடினால் அந்த ரைபிள் சுடத் தகுந்ததல்ல; சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் கிழிந்து, வெடிவாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரக்கூடும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான் காப்புக்கும் ஆபத்துக்கும் இடையே இருக்கும் தூரம். இந்தத் தூரத்தைக் காப்பாற்றியவர்கள், தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் பிட்டர்கள். போல்ட்டின் பின்பகுதியில் உள்ள இரண்டு பிடிகளும் சமமாகச் சுமை தாங்கும்வரை தேய்த்துப் பொருத்தி, போல்ட்டிலும் உடற்பகுதியிலும் ஒரே எண்ணை அடித்தார்கள். அந்த எண் வெறும் அலங்காரமன்று. இந்தப் போல்ட் இந்த உடலுக்கே உரியது என்று ஒரு தொழிலாளி தந்த உறுதிமொழி அது.

குழலைக் குறுக்குவதும் தொலைநோக்கிக்காக உடற்பகுதியில் துளையிடுவதும் அந்த உறுதிமொழியின் மீது கைவைப்பவை. குழலைக் குறுக்குவதற்கென்றே ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. ‘தொழிற்சாலையே மாற்றவில்லையா?’ என்று கேட்கலாம். மாற்றியது உண்மை. காவல் பணிக்காக .303ஐ .410 மஸ்கட்டாக்கியது, 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே வடிவத்தை வலுவான எஃகில் அமைத்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற 2ஏ1 ரைபிளைச் செய்தது. ஆனால் அவை தேவை அறிந்து, உலோகம் சோதித்து, முத்திரையிட்டுச் செய்யப்பட்ட மாற்றங்கள். அவையும் வரலாற்றின் பக்கங்களே. வீட்டுக்காரரின் ஆசைக்காகப் போடும் துளைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. ‘கனம் குறைந்தால் கையாள எளிது’ என்பது அடுத்த வாதம். காட்டில் சுமந்து அலைந்த காலத்தில் அது நியாயம்தான்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிவிட்ட நாட்டில் அதற்கு என்ன பொருள்? பார்வை மங்கியவருக்குத் தொலைநோக்கி தேவை என்றால், துளையிடாமல் இறுக்கிப் பிடிக்கும் தாங்கிகள் உண்டு. கழற்றினால் பழைய ரைபிள் பழையபடியே மீளும். வெட்டிய குழல் மீளாது.

விற்பது குற்றமல்ல. பூட்டிவைக்க உறுதியான பெட்டி இல்லாத வீட்டிலும், பொறுப்பேற்க ஆளில்லாத வீட்டிலும் ரைபிள் இருக்கக் கூடாது. அங்கே விற்பதும் ஒப்படைப்பதுமே கடமை. ஆனால் எப்படி விற்கிறோம் என்பது முக்கியம். ஏதேனும் கெடு நெருங்கும்போது விற்பவர் அவசரத்தில் இருக்கிறார். வாங்கும் வியாபாரிக்கு அவசரமே இல்லை. விலையை நிர்ணயிப்பது அந்த இடைவெளிதான். வெளிநாட்டுக்கு உபரியாகப் போன 2ஏ1 ரைபிள்கள் பலவற்றை இறக்குமதியாளர்கள் குழல் குறுக்கி, புதுப்பெயர் சூட்டி விற்றார்கள். பிட்டரின் உழைப்பு அரத்தூளாக உதிர்ந்தது. லாபம் வெட்டியவர் பையில் விழுந்தது. செய்தவருக்கும் பங்கில்லை, காத்தவருக்கும் பங்கில்லை. உதிரியாகப் பிரித்து விற்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்: ஒரே எண் தாங்கிய போல்ட்டும் உடலும் பிரிந்தபின், இரண்டும் யாருக்கும் உறுதி சொல்ல முடியாத இரும்பாகிவிடும். அதனால் விற்பவர் முழுமையாகவே விற்க வேண்டும், எண்களைக் குறித்துவைத்து, ஒரு கடையோடு நில்லாமல் பலரிடம் விலை கேட்டு.

பழைய ரைபிள் உங்கள் பொறுப்புக்கு வந்திருந்தால், முதலில் உரிமத்தைச் சரிபாருங்கள். அடுத்து, உரிமம் பெற்ற பட்டறையில் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தேறினால் வையுங்கள், அல்லது முழுமையாக விற்றுவிடுங்கள். தேறாவிட்டால் ஒரு தோட்டாகூட அதில் ஏற்ற வேண்டாம். எந்த நிலையிலும் அரத்தை எடுக்காதீர்கள்.