நிழல் நிலைத்த கதை

ஒளிப்படம் பிறந்த கதையை வீட்டிலிருந்தே செய்து பார்த்து அறியலாம். அதற்கு வேண்டுவன ஓர் அறை, கருப்புத்தாள், சிறிய வெள்ளைப் பருத்தித்துணி, ஒரு கரண்டி மஞ்சள்தூள், நல்ல வெயில் ஆகியவையே. செய்து பார்ப்பவர் ஓர் உண்மையைத் தாமே கண்டறிவர்: உருவத்தைப் பிடிப்பது எளிது, பிடித்ததைக் காப்பது அரிது.

முதலில் அறையைக் காண்போர் வியப்படைவர். வெயில் நன்கு காயும் நேரத்தில் சன்னலைக் கருப்புத்தாளால் முழுவதும் மூடி, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இட வேண்டும். கண் இருளுக்குப் பழகியதும், எதிர்ச்சுவரில் தெரு தோன்றும். எதிர்வீட்டு மாடி, கொடியில் ஆடும் துணி, விரையும் ஆட்டோ ஆகிய யாவும் தலைகீழாகத் தெரியும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலிருந்து வரும் கதிர் துளையின் வழியே கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் விழுகின்றன. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைத்தம் என்னும் அறிஞர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை ஆராய்ந்தார். ஆயினும் வெளியே வெளிச்சம் மங்கினால் சுவரிலிருந்த தெருவும் மறைந்துவிடும்.

அடுத்தது மஞ்சள். மஞ்சளில் நனைத்த துணியை நிழலில் உலர்த்துவது வீட்டுப் பெண்கள் அறிந்த வழக்கம். வெயில் பட்டால் அந்நிறம் வெளுத்துவிடும். அவ்வெளுப்பே இங்குத் தூரிகை ஆகிறது. வெந்நீரில் மஞ்சள்தூளைக் கரைத்துத் துணியை ஊறவைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்த வேண்டும். பின்னர் அதன்மேல் ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்து, நிறமற்ற நெகிழித்தாளால் மூடி, அசையாமல் கவ்விகளால் பிணைத்து, ஓரிரு நாள் வெயிலில் வைக்க வேண்டும். இலையை எடுத்தால், வெளுத்த துணியின் நடுவே இலையின் உருவம் மஞ்சளாய் நிற்கும். அதே துணியை வெயிலிலேயே விட்டுவிட்டால் அவ்வுருவமும் வெளுத்து மறையும். படத்தை வரைந்த ஒளியே அதை அழித்தும் விடுகிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட் கண்ட துயரமும் இதுவே. வெள்ளி நைட்ரேட்டு பூசிய தாளிலும் தோலிலும் இலைகளின் உருவங்களை அவர் பதித்தார். அம்முயற்சி 1802ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. ஆனால் அப்படங்களைப் பகலில் எடுத்துக் காட்ட இயலவில்லை. வெளிச்சம் பட்டால் தாள் முழுவதும் கறுத்தது. அதனைத் தடுக்கும் வழியை அறியாமலேயே 1805ஆம் ஆண்டு தம் 34ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பிரான்சு நாட்டின் நியெப்ஸ், வெள்ளீயக் கலவைத் தட்டில் ஒருவகை நிலக்கீலைப் பூசினார். ஒளி பட்ட இடம் இறுகியது. இறுகாத பகுதியை அவர் எண்ணெயால் கரைத்து நீக்கினார். 1827ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சன்னலிலிருந்து அவர் எடுத்த காட்சி இன்றும் நிலைத்துள்ளது. 1839ஆம் ஆண்டில் டாகுவேரும் டால்பட்டும் தத்தம் முறைகளை உலகிற்கு அறிவித்தனர். 'ஹைப்போ' என்னும் உப்பு, ஒளி படாத வெள்ளி உப்புகளைக் கரைத்து நீக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் முன்னரே அறிந்திருந்தார். அதுவே படத்தை நிலைநிறுத்தும் மருந்தாயிற்று.

அம்மருந்தின் பயன் தமிழகத்தையும் எட்டியது. 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர், தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 படங்களை ஒன்றாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு அவ்வெழுத்துகளைத் தாளில் அமைத்தார். கல்லில் இருந்த தமிழ் இவ்வாறு தாளிலும் நிலைபெற்றது.

இனி, வீட்டுச் சுவரை நோக்கலாம். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் குடும்பத்தில், கொள்ளுத்தாத்தாவின் முகத்தைக் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு படமாகவே இருக்கும். அது சன்னலுக்கு எதிரே தொங்கினால், மஞ்சள் துணியைப் போல அதுவும் நாளடைவில் மங்கும். வண்ணப்படமாயின் இன்னும் விரைவில் மங்கும். வெயில் படாத சுவருக்கு அதை மாற்றுவது சிறுவரும் செய்யக்கூடிய பணி.

முகம் நிலைத்தும் பெயர் மறைவது உண்டு. பழைய தொகுப்பைப் புரட்டும்போது, "இவர் யார்?" என்னும் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் பாட்டி ஒருவரே எனில், அவ்விடையை இன்றே கேட்டறிதல் வேண்டும். படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மென்மையாகத் தமிழில் எழுதி வைக்கலாம். முகத்தை ஹைப்போ காக்கும். பெயரை எழுத்தே காக்கும்.